பூசையில் வைத்த மெசின்

சென்ற வருடம் வாணி விழா அன்று என் ஏழு வயது மகளுக்கு மூச்சு முட்டி இழுக்கத் தொடங்கியது. கனகராயன்குளத்தில் தையல் வேலை செய்பவள் நான். தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு, ஓட்டோவில் அவளை ஒரு சிறிய அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினேன்.

அங்கேயும் பூசை. ஒலிபெருக்கியில் சரஸ்வதி பாட்டு அதிர்ந்ததில் நான் கத்தியது ஒருவருக்கும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு தாதி கண்டு ஓடிவந்தா.

"மருந்துப் புகை குடுக்கிற மெசின் எங்க?"

"சாமிப் படத்துக்கு முன்னால, பூசையில, மிஸ்," என்றார் ஊழியர் ஒருவர்.

மற்றக் கருவிகளோடு அதற்கும் பொட்டு வைத்து, பூ சாத்தியிருந்தார்கள். ஐயர் அப்போதுதான் தீபம் ஏற்றிக்கொண்டிருந்தார். கை நீட்டிய தாதி தயங்கினா. பூசைக்கு வைத்ததை இடையில் எடுக்கக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவள்தான் நானும்.

மகளின் உதடு நீலமாகியது.

"பாட்டை நிப்பாட்டுங்கோ!" என்று கத்தியபடி மெசினைத் தூக்கினேன். பூக்கள் நிலத்தில் கொட்டின. பாட்டு நின்றதும் மகளின் நெஞ்சு விசிலடிப்பது எல்லோருக்கும் கேட்டது. தாதி உடனே மருந்தைப் போட்டு முகமூடியைப் பொருத்தினா.

ஐயர் தீபத்தைக் கீழே வைத்தார். "பிள்ளை மூச்செடுக்கட்டும். நான் நிக்கிறன்."

அவளுக்கு மூச்சு சீரான பிறகுதான் பூசை தொடர்ந்தது.

இந்த வருடம் என் தையல் மெசினையும் கத்தரிக்கோலையும் பூசையில் வைத்தேன். மூச்சு முட்டினால் வாயில் அடிக்கும் தன் மருந்துப் பம்ப்பை மகள் நீட்டினாள்.

"அம்மா, இதையும் வைப்பமே?"

அதற்கும் ஒரு பொட்டு வைத்து, அவளுடைய சட்டைப் பைக்குள்ளேயே போட்டுவிட்டேன்.