அக்காவின் முதுகில் விழுந்த வரிகள்

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்து ஆட்கள் ரோட்டை மறித்த வருஷத்தில் எனக்கு எட்டு வயது. அக்கா பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். ஆறே மாதத்தில் அம்மாவைவிட ஒரு சாண் உயர்ந்துவிட்டிருந்தாள்.

ஒருநாள் பம்புசெட்டில் குளிக்கும்போது, அவள் முதுகின் கீழ்ப்பக்கம் குறுக்காக ஓடிய சிவந்த வரிகளைப் பெரியம்மா பார்த்துவிட்டாள். துணி துவைத்துக்கொண்டிருந்த நாலு பேருக்கும் கேட்கும்படி, "இன்னாடி இது? புள்ள சொமந்தவளுக்குத்தான இப்பிடி வரி வுழும்?" என்றாள். அக்கா ஈரத்துணியோடு வீட்டுக்கு ஓடிவந்தாள்.

அன்று அம்மா அக்காவை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள். "எம்மேல உனக்கே சந்தேகமா?" என்று அக்கா கத்தியது மட்டும் வெளியே கேட்டது. எனக்கு விளங்கியது ஒன்றுதான்: அக்காவுக்கு முதுகில் ஏதோ நோய்.

அம்மா வைத்தியத்தில் இறங்கினாள். விளக்கெண்ணெய், பசுமஞ்சள், காய்ச்சிய தேங்காய் எண்ணெய் என்று பத்து நாள் தேய்த்தாள். வரிகள் பளபளத்தனவே தவிர மறையவில்லை. அதற்குள் பேச்சு மேலத்தெருவரைக்கும் போய்விட்டிருந்தது. குழாயடியில் அம்மா குடத்தை வைத்தால் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

பதினோராம் நாள் அக்கா எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள். "கள்ளக்குறிச்சிக்குப் போலாம்மா. டாக்டரம்மா பாத்து சொல்லட்டும்."

"பஸ்ஸு ஓடலியேடி. மரத்த வெட்டிப் போட்டுக்கினு கீறாங்க."

"காலு கீதில்ல? நடப்பேன்."

வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். ரோட்டில் புளியமரங்கள் கிளையும் காயுமாகக் கிடந்தன. ஒவ்வொன்றின் மேலும் அக்கா முதலில் ஏறி, எனக்குக் கை கொடுத்தாள். ஒரு மரத்தின் மேல் அப்பாவே மற்றவர்களோடு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"கலவரமா கீது. ரெண்டு நாளு பொறுத்துப் போனா ஆவாதா?"

"நீங்க உங்க ஞாயத்துக்கு உக்காந்துக்கினு கீறீங்க. நான் என் ஞாயத்துக்குப் போறேன்பா," என்றாள் அக்கா. அவர் கிளையை விலக்கி வழிவிட்டார்.

டாக்டரம்மா விரலால் வரிகளைத் தடவிப் பார்த்தார். வயிற்றையும் அழுத்திப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "பொண்ணு ஒரேயடியா வளந்துட்டாம்மா. தோல் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கல. ஆம்பளப் பசங்களுக்குக்கூட வரும்."

"எதனா களிம்பு கீதுங்களா?"

"முழுசா அழிக்கிற களிம்பு எதுவும் கெடையாது. அரிச்சா தேங்கா எண்ண தடவுங்க, போதும். செவப்பு போக ஒண்ணு ரெண்டு வருஷம் ஆகும். அப்புறம் வெள்ளையா மங்கி நிக்கும்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அக்கா அழவில்லை. "நீங்க சொன்னத அப்பிடியே எழுதிக் குடுங்க டாக்டரம்மா. தமிழ்லியே எழுதுங்க," என்றாள். டாக்டரம்மா பேனாவை எடுத்தார்.

ஊர் திரும்பியதும் அக்கா நேராகப் பெரியம்மா வீட்டு வாசலில் போய் நின்று, தெருவே கேட்கும்படி அந்தக் காகிதத்தைப் படித்தாள். பெரியம்மா முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அம்மா அன்று வெல்லம் போட்டுப் பாயசம் வைத்தாள்.

எனக்குத்தான் பாயசம் இறங்கவில்லை. அக்காவின் நோய்க்கு மருந்தே இல்லை என்று டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறார். அதைப் போய் இப்படித் தெருவெல்லாம் படித்துக் காட்டுகிறாளே என்று வெட்கமாக இருந்தது.