அத்தை நின்ற சுவர்

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஓர் எண்ணெய்க் கறை இருக்கிறது. என் அத்தையின் தலை பட்டுப் பட்டு வந்தது. வெள்ளையடிக்க வருகிறவர்கள் முதலில் அதைத்தான் சுரண்டப் போவார்கள். நான் விட்டதில்லை.

எழுபதுகளின் கடைசியில், செட்டிகுளத்துப் பக்கம் வெங்காயக் காட்டில் களையெடுத்தே அத்தைக்குக் கூன் விழுந்திருந்தது. அப்பா இல்லாத வீட்டில் அவள் கூலியில்தான் அடுப்பு எரிந்தது. வலி பொறுக்காமல் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஒரு நர்ஸம்மா கிடைத்தார். சொடுக்கெடுப்பது, மிதிப்பது எதுவும் அவரிடம் கிடையாது. தோள்பட்டைக்குக் கீழே உள்ளங்கையை வைத்து, அத்தையின் மூச்சு இறங்கும்வரை சும்மா இருப்பார். "நான் இழுக்க மாட்டேன், நீதான் நிமிந்து வரணும்" என்பார். எங்கள் தெரு ஆட்கள் மேலே பட்டால் குளிக்க ஓடியவர்கள் இருந்த காலம். அந்தக் கை அவசரப்படாமல் முதுகிலேயே கிடந்தது. அத்தை முதல் நாளே அழுதுவிட்டாள்.

வீட்டில் தினமும் குதிகால், இடுப்பு, தோள், தலை எல்லாம் சுவரில் படும்படி நிற்கச் சொல்லியிருந்தார். மாதக்கணக்கில் தலை மட்டும் எட்டவே இல்லை. எட்டிய அன்றுதான் அவள் தலை எண்ணெய் சுவரில் ஒட்டியது. வலியும் மெல்ல விட்டது.

வம்பு அதற்குப் பிறகுதான். காட்டுக்காரர் வரப்பில் வந்தால் எங்கள் ஆட்கள் ஒதுங்கி, இடுப்பை வளைத்து நிற்க வேண்டும். அத்தை ஒதுங்கினாள். வளையவில்லை.

"என்னடி, மரம் மாதிரி நிக்கிற?"

"முதுகு சரியாயிடுச்சுங்க."

"அப்ப நாளைலேருந்து வேற காடு பாத்துக்க."

அம்மா கெஞ்சினாள். "ஒரு தடவ குனிஞ்சுட்டு வந்துடேன். வூட்டுல உலை வைக்க வேணாமா?"

"களைக்குக் குனியறேன் அண்ணி. ஆளுக்குக் குனிய மாட்டேன்."

வேறு எந்தக் காட்டுக்காரரும் கூப்பிடவில்லை. அரைவயிற்றுக் கஞ்சியோடு நாட்கள் போயின. பிறகு பாடாலூரில் ரோட்டோரம் நின்றபடியே இட்லி விற்றாள். அதில்தான் நான் படித்தேன். திமிர் பிடித்தவள் என்று ஊர் பேசியது. பேசட்டும். முதுகு வலித்தது ஊருக்கா?

போன பொங்கலுக்கு வந்த பெயிண்டர் பையன் கறையைப் பார்த்து உப்புத்தாளை எடுத்தான்.

"என்னம்மா, இவ்ளோ அழுக்கு?"

"அழுக்கு இல்லப்பா. எங்க அத்தை நிமிந்து நின்ன இடம். சுத்தி அடிச்சுட்டுப் போ."