கோபன்ஹேகனில் நான் கேட்காத அனுமதி

அறுபதுகளின் ஆரம்பத்தில் ஒரு மே மாதம் அது. டென்மார்க்கின் தலைநகரமான கோபன்ஹேகனில் நாங்கள் வந்து இறங்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. பெங்களூரில் நான் வேலை பார்த்த காசநோய் ஆஸ்பத்திரியிலிருந்து ஆறு மாதப் பயிற்சிக்காக மூன்று பேரை அனுப்பியிருந்தார்கள். நான் ஒரு நர்ஸ். என்னோடு கோலார் தங்கவயலைச் சேர்ந்த இன்னொரு நர்ஸ். எங்களுக்குத் தலைவராக ஒரு டாக்டர். அவரும் தமிழர்தான். பெரிய குடும்பம், பெரிய படிப்பு.

சனிக்கிழமை சாயங்காலம் டாக்டர் எங்கள் விடுதிக்கு வந்தார். எங்கள் இரண்டு பேரையும் நிற்கவைத்துப் பேசினார்.

"ஆஸ்பத்திரி, விடுதி. இந்த ரெண்டு இடம்தான் உங்களுக்கு. வெளியே போகணும்னா என்கிட்ட கேட்கணும். முக்கியமா, ஹோட்டலுக்குள்ள காலை வைக்காதீங்க. உங்க ஜனங்களுக்குக் கத்தி, முள்கரண்டி எல்லாம் பழக்கம் இல்லை. நாலு பேர் நடுவுல உக்காந்து நீங்க திண்டாடினா, அவமானம் நம்ம தேசத்துக்குத்தான்."

தங்கவயல் பெண் தலையை ஆட்டினாள். நான் ஆட்டவில்லை.

அவருக்கு ஒன்று தெரியாது. என் அப்பா பெங்களூர் கண்டோன்மென்ட்டில் வெள்ளைக்காரர்களின் ஒரு கிளப்பில் இருபது வருஷத்துக்கு மேல் பட்லராக இருந்தவர். மீனுக்கு எந்தக் கத்தி, சூப்புக்கு எந்தக் கரண்டி, எது இடது பக்கம், எது வலது பக்கம் என்பதெல்லாம் ஜீவனஹள்ளியில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் அம்மாவுக்குக்கூடத் தெரியும். பெரிய விருந்து நாட்களில் வெள்ளிக் கரண்டிகளைத் துடைக்க ஆள் போதாமல் அப்பா என்னையும் அம்மாவையும் கூட்டிப்போவார். பின்கேட் வழியாகப் போய்ப் பின்கேட் வழியாக வருவோம். சுதந்திரம் வந்தது, வெள்ளைக்காரர்கள் போனார்கள், நம்மவர்கள் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அப்பாவுக்கு மட்டும் அதே பின்கேட்தான். அவர் விரிப்பு விரித்த மேஜையில் ஒருநாளும் அவர் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

மறுநாள் ஞாயிறு. காலையில் புடவை கட்டி, மேலே ஒரு கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். விடுதியைப் பார்த்துக்கொண்ட டேனிஷ் அம்மாள், ஊரின் வரைபடம் ஒன்றை எடுத்து, பார்க்க வேண்டிய இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டுக் கொடுத்தார். நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

ஊரே சைக்கிளில் போய்க்கொண்டிருந்தது. தொப்பி வைத்த பெரியவர், கூடையில் பூ வைத்த பாட்டி, பாவாடை காற்றில் பறக்கும் பெண்கள். கால்வாய் ஓரமாக மஞ்சளும் சிவப்பும் நீலமுமாக வீடுகள். அவற்றில் ஒன்றின் கீழே ஒரு சின்ன ரெஸ்டாரன்ட். உள்ளே நுழையாமல் வாசலை இரண்டு முறை தாண்டிப் போனேன், பொய் சொல்ல மாட்டேன். பரிமாறுகிறவர் வந்து என் கோட்டின் தோளைப் பிடித்தார். பிடுங்குகிறாரோ என்று நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கோட்டை வாங்கி மாட்டி வைப்பது அங்கே மரியாதை என்று பிறகுதான் புரிந்தது. அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் ஓரத்து மேஜையைக் காட்டி, நாற்காலியை இழுத்துப் போட்டார். வேறு ஒருவர் எனக்காக நாற்காலி இழுத்துப் போட்டது அதுதான் முதல் தடவை.

பக்கத்து மேஜையைக் காட்டி, அதே வேண்டும் என்றேன். கறுப்பு ரொட்டியின் மேல் வினிகரில் ஊறிய மீன், அதன் மேல் வெங்காயம். முதல் வாய் பிடிக்கவேயில்லை. இரண்டாவது வாய் பரவாயில்லை. மூன்றாவதில் தட்டு காலி.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் விடவில்லை. படிக்கட்டே இல்லாமல் சரிவாகச் சுற்றிச் சுற்றி ஏறும் பழைய வட்டக் கோபுரத்தின் உச்சியில் நின்று, சிவப்புக் கூரைகளையும் களிம்பேறிப் பச்சையான செம்புக் கோபுரங்களையும் பார்த்தேன். கடலோரப் பாறையில் உட்கார்ந்திருக்கும் கடற்கன்னி சிலையைப் பார்க்க ஒரு மணி நேரம் நடந்தேன். இவ்வளவு சின்னதா என்று கோபமே வந்தது. தெருவோர வண்டியில் விற்கும் சிவப்பு சாசேஜை, கோட்டும் டையும் போட்ட கனவான்கள் நின்றபடியே கையால் எடுத்துச் சாப்பிட்டார்கள். விரலில் வழிந்த கடுகு மசாலாவை நக்கினார்கள். டாக்டரை அந்த வண்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் போலிருந்தது.

தங்கவயல் பெண் மூன்று வாரம் விடுதி ஜன்னலிலேயே உட்கார்ந்திருந்தாள். நான்காவது வாரம், "நானும் வரட்டாக்கா?" என்று கேட்டாள். ஊரின் நடுவிலிருந்த கேளிக்கைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். மலையேறி இறங்கும் விளையாட்டு ரயிலில் புடவையைக் காலுக்கடியில் சொருகிக்கொண்டு இரண்டு பேரும் ஏறினோம். அவள் இறங்கியதும் அழுதாள். பிறகு இன்னொரு முறை போகலாமா என்றாள்.

அன்று மத்தியானம்தான் அது நடந்தது.

தோட்டத்துக்கு அருகே வெள்ளை விரிப்புப் போட்ட ஒரு பெரிய ரெஸ்டாரன்ட்டுக்குப் போனோம். எதையோ சொல்லி எதையோ வாங்கிவிட்டேன். என் தட்டில் வந்தது ரொட்டியின் மேல் பச்சை மாட்டுக்கறிக் கொத்து, அதன் நடுவில் பச்சை முட்டையின் மஞ்சள் கரு. மாட்டுக்கறி எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. ஞாயிறுதோறும் சிவாஜிநகர் மார்க்கெட்டிலிருந்து அப்பா வாங்கி வருவதுதான். ஆனால் வேகாமல் பார்த்தது அதுதான் முதல் தடவை. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, டாக்டர் இரண்டு டேனிஷ்காரர்களோடு உள்ளே வந்தார். ஒருவர் பயிற்சியின் தலைமை டாக்டரம்மா. இன்னொருவர் அவருடைய கணவர்.

எங்களைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறியது. அவர்களை மேஜையில் உட்காரவைத்துவிட்டு எங்களிடம் வந்தார். முகத்தில் சிரிப்பு, குரலில் நெருப்பு.

"எழுந்திருங்க ரெண்டு பேரும். சமையல்கட்டுப் பக்கம் ஒரு கதவு இருக்கு. அப்படியே போயிடுங்க."

தங்கவயல் பெண் எழுந்துவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்தேன். "நீ உக்காரு."

"நான் சொல்றது காதுல விழலையா?"

"விழுந்தது சார். சாப்பிட்டு முடிச்சதும் வந்த வழியாவே போறோம்."

"உன்னை ஊருக்குத் திருப்பி அனுப்பிடுவேன். ரிப்போர்ட் எழுதுவேன்."

"எழுதுங்க சார். எழுதும்போது, நான் கத்தியை எந்தக் கையில பிடிச்சிருந்தேன்னு பாத்து அதையும் எழுதுங்க."

அவர் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இனி அந்தத் தட்டைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? பச்சைக் கறியைக் கத்தியால் பரப்பி, ரொட்டியோடு சேர்த்து வெட்டி, வாயை மூடி மென்று விழுங்கினேன். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. "விட்டுடுக்கா" என்று அவள் முணுமுணுத்தாள். ஒரு துணுக்கு மிச்சம் வைக்கவில்லை. சாப்பிட்டு முடித்ததற்கு அடையாளமாகக் கத்தியையும் முள்கரண்டியையும் சேர்த்துத் தட்டின் மேல் வைத்தேன். அந்த நேரம் டாக்டர், வறுத்த முழு மீனோடு போராடிக்கொண்டிருந்தார். முள்ளை எடுக்கத் தெரியாமல் மீனையே கிழித்துவிட்டார். நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாதுதான், ஆனால் சிரித்தேன்.

இரண்டு பேரும் முன்வாசல் வழியாக வெளியே வந்தோம். நூறு அடி நடந்ததும் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். அதுவும் நடந்ததுதான்.

மறுநாள் அவர் தலைமை டாக்டரம்மாவிடம் போய், என்னைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அந்தம்மா அவரையும் என்னையும் கூப்பிட்டார். வேலையில் ஏதாவது குறை உண்டா என்று வார்டில் விசாரித்துவிட்டதாகவும், ஒன்றும் இல்லை என்றும் சொன்னார். பிறகு டாக்டரைப் பார்த்து ஆங்கிலத்தில், "இவர்களுடைய ஞாயிற்றுக்கிழமை இவர்களுடையது" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்துக்காக அந்தம்மாவை நான் மறக்கவே மாட்டேன்.

ஆனால் பெங்களூரில் அந்த அம்மா இல்லையே. திரும்பி வந்த பத்தாம் நாள் ஆஸ்பத்திரிப் பெரியவர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். டாக்டரின் ரிப்போர்ட் மேஜை மேல் இருந்தது. பக்கத்தில் டைப் அடித்த மன்னிப்புக் கடிதங்கள். கீழ்ப்படியாமல் நடந்ததற்கு வருந்துகிறேன் என்று இருந்தது. பெரியவர் கெட்டவர் இல்லை. "சைன் மாடம்மா, கையெழுத்துப் போட்டா முடிஞ்சு போகும்" என்று கன்னடமும் தமிழுமாகக் கெஞ்சினார்.

தங்கவயல் பெண் கையெழுத்துப் போட்டாள். அவள் வீட்டில் சுரங்கத்தில் நுரையீரல் கெட்டுப்போன அப்பா, மூன்று தங்கைகள். அவளை நான் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

நான் ஒரு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய், மீன் கதை உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா என் பக்கம் நிற்பார் என்று நினைத்தேன். அவர் பயந்துபோனார்.

"ஒரு கையெழுத்துதானேம்மா. போட்டுட்டு வேலையைப் பாரு. பெரிய மனுஷங்களோட நமக்கு எதுக்கு?"

"தப்பு பண்ணியிருந்தா போடுவேன்பா."

"நான் இருபது வருஷம் எவ்வளவு சகிச்சேன் தெரியுமா உனக்கு?"

"தெரியும்பா. பாத்துக்கிட்டேதான் இருந்தேன். அதனாலதான் போட மாட்டேன்."

அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆஸ்பத்திரியில் பிடிவாதமாக நின்றதைவிட அந்த வாரம் எனக்குக் கஷ்டமாக இருந்தது. எட்டாம் நாள் காலையில், நான் வேலைக்குக் கிளம்பும்போது, "அந்த மீனை எந்தப் பக்கத்துல இருந்து வெட்டினான் உங்க டாக்டர்?" என்று கேட்டார். சொன்னேன். நடுவில் குத்திக் கிழித்ததை நடித்தும் காட்டினேன். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கடிதத்தில் நான் கையெழுத்துப் போடவேயில்லை. வரவேண்டிய சிஸ்டர் பதவி உயர்வு நாலு வருஷம் தள்ளிப் போனது. யாரும் விரும்பாத வார்டாகப் பார்த்துப் போட்டார்கள். அங்கேயும் வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். போன மாதம் ஒரு வேலையாக என் பணிப் பதிவேட்டைப் பார்க்க நேர்ந்தது. 'அனுமதியின்றி நகரம் முழுவதும் சுற்றியவர், உணவு விடுதிகளுக்குள் நுழைந்தவர், வருத்தம் தெரிவிக்க மறுத்தவர்' என்று எழுதியிருந்தது. வேண்டுமானால் நீக்கச் சொல்லி மனு கொடுக்கலாம் என்றார் குமாஸ்தா. வேண்டாம் என்றேன். என்னைப் பற்றி யாரோ எழுதியவற்றில் முழுக்க முழுக்க உண்மையான வரி அது ஒன்றுதான், அதை நான் எதற்காக அழிக்க வேண்டும்?