மைப்பெட்டியின் புது வேஷம்

மலையில் அரவேணு ஊருக்குக் கீழே எங்கள் ரேஷன் கடையில் இருக்கும் விரல் மெஷினைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குடும்ப அட்டையில் உள்ள எல்லோரும் அதில் விரல் வைத்துப் பதிய வேண்டும், பதியாதவர் பேரை நீக்கிவிடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பதிந்துவிட்டது, அம்மாவைத் தவிர.

அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கல்யாண வயதில் கப்பலேறி வந்தவள். அங்கேயும் இங்கேயுமாக ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தவள். சம்பள நாளில் மை தொட்டுக் கைநாட்டு வைப்பது அவளுக்கு அவமானமாக இருந்தது. நான் ஒன்றாவது படிக்கும்போது என் சிலேட்டிலேயே கையெழுத்துப் போடப் பழகினாள். அதற்குப் பிறகு மைப்பெட்டிப் பக்கமே போனதில்லை.

அந்த மைப்பெட்டிதான் இப்போது வேறு வேஷத்தில் வந்திருக்கிறது. மைக்குப் பதில் கண்ணாடியும் அடியில் வெளிச்சமும், தாளுக்குப் பதில் எங்கோ ஒரு கம்ப்யூட்டர். கேட்பதென்னவோ அதே பெருவிரலைத்தான். பழையதன் மேல் புதியதைக் கட்டட்டும், எனக்கென்ன. பழைய கோளாறையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்களே, அதுதான் எரிச்சல். மையாவது மழை நாளிலும் விழும். இதற்கு டவர் வேண்டும், டவருக்குக் கரண்ட் வேண்டும். ஒரு சில்வர் ஓக் மரக்கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் அன்றைக்கு அரிசி கிடையாது.

முதலில் போனபோது அம்மாவுக்குப் பதியவில்லை. விரலில் ஏறிய கொழுந்துக் கறைதான் காரணம் என்று முடிவு கட்டினாள். பறிக்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். மறுபடி போவதற்குள் புளியையும் கல்லையும் வைத்துத் தேய் தேய் என்று தேய்த்தாள். கறை போனது. மிச்சமிருந்த ரேகையும் கூடவே போனது.

மறுபடி போனபோது கடைக்காரர் அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். விரலுக்குப் பதில் கண்ணைப் பார்த்துப் பதியும் மெஷினும் பழுதாகிக் கிடந்தது.

"ரேகையே விழமாட்டேங்குதுங்க."

"எங்கம்மா உங்க கண்ணு முன்னாடி நிக்கிறாங்க. இவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கத்திவிட்டேன்.

"எனக்குத் தெரியுதுங்க. மெஷினுக்குத் தெரியோணுமில்லீங்க."

பிறகு ஒரு தாளை எடுத்து வைத்தார். கூடவே மேசைக்கு அடியிலிருந்து ஒரு பழைய மைப்பெட்டி. "இதுல பெருவிரலை வைங்கம்மா. மேல அனுப்பிப் பாக்கலாம்."

"நான் கையெழுத்துப் போடுவேனே" என்றாள் அம்மா.

"அதுக்கு இதுல எடமில்லீங்க."

அம்மா மையைத் தொட்டு விரலை வைத்தாள். கட்டத்துக்குள் ஒரு கோடுகூட இல்லாமல் வெறும் கறுப்பு அப்பியது. அவள் என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, தாளின் ஓரத்தில் எழுத்து எழுத்தாகத் தன் பேரை எழுதினாள்.

"அது செல்லாதுங்கம்மா."

"செல்லாட்டி போகுது. வந்தது யாருன்னு மேல இருக்கிறவங்களுக்குத் தெரியட்டும்."