சாம்பாருக்கு அடுத்தது ரசம்

சித்தப்பாவுக்குக் கல்யாணமாகிச் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தபோது, கோயம்புத்தூரிலிருந்து சீர்வரிசை தனியாக ஒரு லாரியில் வந்தது. கட்டில், பீரோ, குத்துவிளக்கு, சின்னதும் பெரியதுமாகப் பித்தளைப் பாத்திரங்கள். எல்லாவற்றையும் இறக்கி வைத்த பிறகு, இருப்பதிலேயே பெரிய அண்டாவின் மூடியை அப்பா திறந்து பார்த்தார். உள்ளே பழைய புடவை ஒன்றைச் சுற்றிக்கொண்டு ஒரு கூடைப்பந்து உட்கார்ந்திருந்தது.

“இன்னாம்மா இது, பரங்கிக்காயாட்டம் கீது?” என்றார் அப்பா.

“பந்துங்க மாமா. காலேஜ்ல ஆடினதுங்க” என்றாள் சித்தி, தலையைக் குனிந்துகொண்டே.

அப்பா சமையல் கான்ட்ராக்டர். சிங்கப்பெருமாள் கோயிலைச் சுற்றியிருக்கும் கல்யாண மண்டபங்களில் பாதிக்கு அவர்தான் சமையல். அண்டாவுக்குள் அரிசியைப் பார்த்திருக்கிறார், பருப்பைப் பார்த்திருக்கிறார், ஒருமுறை பூனையைக்கூடப் பார்த்திருக்கிறார். பந்தை அன்றுதான் பார்த்தார். மூடியைப் போட்டு மூடிவிட்டார்.

சித்தப்பாவுக்கு மறைமலைநகரில் காருக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. மத்தியான ஷிப்டு என்றால் கம்பெனி பஸ்ஸில் போய் ராத்திரிதான் வருவார். அந்த நாட்களில் சித்தி சாயங்காலம் பந்தை எடுத்துக்கொண்டு எங்கள் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போவாள். அங்கே கூடைப்பந்துக் கம்பம் ஒன்று இருந்தது. அதுவரை அதில் யாரோ ஆடு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆட்டை வேறு மரத்துக்கு மாற்றிக் கட்டிவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சித்தி பந்தைப் போடுவாள். வேடிக்கை பார்க்கப் போன நாங்கள் ஒரு வாரத்தில் டீம் ஆகிவிட்டோம். நான், அண்ணன், அத்தையின் பிள்ளைகள் இரண்டு பேர், பூக்கடைக்காரர் மகன். எங்களில் உயரமானவன் அண்ணன். அவனே சித்தியின் காது வரைதான் வருவான்.

சித்திக்கு அவளுடைய கோச் சார் கட்டம் போட்டுத்தான் ஆட்டம் சொல்லிக்கொடுத்தாராம். அவருக்கு அவருடைய கோச் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாராம். யார் எங்கே நிற்க வேண்டும், பந்து யாரிடமிருந்து யாருக்குப் போக வேண்டும், எல்லாம் முன்கூட்டியே தீர்மானம். சித்தி அதை வாசலில் கோலமாவால் வட்டமும் அம்புக்குறியுமாகப் போட்டுக் காட்டினாள். மறுநாள் காலையில் பால்காரர், இது எந்த ஊர்க் கோலம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

கட்டமே போடாமல் ஆடுவதும் உண்டு என்று சித்தி ஒருநாள் சொன்னாள். வெளிநாட்டில் சில கோச்சுகள் கட்டம் போட்டுப் போட்டு அலுத்துப்போனார்களாம். எதிரி கட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் அந்த ஆட்டம் செத்தது. அதனால் நாலு விதியை மட்டும் சொல்லிக்கொடுத்து, மிச்சத்தை ஆடுகிறவன் கண்ணே பார்த்து முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார்களாம். எனக்கு அது அருமையான ஏற்பாடாகத் தெரிந்தது. மனப்பாடம் எனக்கு எப்போதுமே ஆகாது.

“அது எங்களுக்கே வரல கண்ணு. எங்க சாரும் கொஞ்ச நாள் சொல்லிப் பாத்தாரு. நாங்க அஞ்சு பேரும் பந்து பின்னாடியே ஓடினோம். மறுபடியும் சாக்பீஸ எடுத்துட்டாரு” என்றாள் சித்தி.

ஆகவே எங்களுக்கும் கட்டம்தான். முதலில் அவற்றுக்கு ஒன்று, இரண்டு என்று நம்பர் வைத்தாள். யாருக்கும் எது எதுவென்று நினைவில் நிற்கவில்லை. நாங்கள் ஐந்து பேரும் முகூர்த்த நாட்களில் அப்பாவோடு போய்ப் பந்தி பரிமாறுகிறவர்கள் என்பதால், நம்பரை எடுத்துவிட்டுச் சாம்பார், ரசம், பாயசம், மோர் என்று பெயர் வைத்தாள். அதற்கப்புறம் மறக்கவே இல்லை. சாம்பார் என்றால் அண்ணன் நேராகக் கூடைக்கு ஓடுவான். ரசம் என்றால் நான் இடது பக்கம் போய்ப் பந்து வாங்குவேன். எங்களுக்கு இது பரம ரகசியம்.

சாயங்காலமானால் ஐந்து பேரும் மைதானத்தில் இருந்தோம். வீட்டில் வெங்காயம் உரிக்க ஆள் இல்லை. அப்பா பொறுத்துப் பார்த்தார். அந்தச் சமயத்தில்தான், கல்பாக்கத்தில் வேலை செய்யும் ஒருவர் தன் மகள் கல்யாணத்துக்குச் சமையல் பேச வந்தார். அவருடைய மகன், அதாவது கல்யாணப் பெண்ணின் தம்பி, டவுன்ஷிப் பையன்களோடு கூடைப்பந்து ஆடுகிறவன். பேச்சுவாக்கில் எங்கள் டீமைப் பற்றிக் கேட்டுவிட்டு, கல்யாணத்தன்று சாயங்காலமே ஒரு மேட்ச் வைத்துக்கொள்ளலாமே என்றார். அப்பா அதைப் பிடித்துக்கொண்டார்.

“அதுல ஜெயிச்சிட்டு வாங்க, அப்பறம் இன்னா வேணா ஆடுங்க. தோத்துட்டா பந்து பரணுக்குப் போவுது. அவ்ளோதான்.”

எங்கள் வீட்டுப் பரணுக்குப் போன பொருள் எதுவும் திரும்பி வந்ததில்லை. நாங்கள் சித்தியைப் பார்த்தோம்.

“சரிங்க மாமா” என்றாள் சித்தி.

கல்யாணம் புதுப்பட்டினத்தில் ஒரு மண்டபத்தில். விடியற்காலையிலேயே பாத்திரங்களோடு பாத்திரமாக வேனில் ஏறிச் செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போய் இறங்கினோம். சித்தியும் வந்திருந்தாள். பந்தும் வந்திருந்தது, வழக்கம்போல அண்டாவுக்குள்.

மத்தியானப் பந்தி எங்களுக்குக் கைவந்த வேலை. அண்ணன் சாம்பார் வாளியோடு வரிசையில் இறங்கினால், அவன் விட்ட இடத்தில் நான் ரசத்தோடு நுழைவேன். அத்தை பிள்ளைகளில் ஒருவன் பொரியல், இன்னொருவன் அப்பளம். பூக்கடைக்காரர் மகன் தண்ணீர். நடுவில் ஒரு குழந்தை குறுக்கே ஓடும், ஒரு மாமா திடீரென்று எழுந்து நிற்பார், யாராவது சோறு கேட்பார்கள். ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொள்ளாமல், ஒரு துளி சிந்தாமல் நாங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தோம். வெற்றிலைத் தட்டோடு கதவோரம் நின்ற சித்தி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்குத்தானே சிரித்தாள். வேட்டியில் ஏதாவது கொட்டிக்கொண்டேனோ என்று நான் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

நாலு மணிக்கு மேட்ச். கடற்கரையை ஒட்டிச் சவுக்கு மரங்களுக்கு நடுவே சிமெண்டு கோர்ட். எதிர் டீம் பையன்கள் ஷூ போட்டிருந்தார்கள். நாங்கள் வெறுங்கால், மேலெல்லாம் சாம்பார் வாசனை. கல்யாணத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் வெற்றிலையை மென்றுகொண்டே காற்று வாங்க வந்து கோர்ட்டை ஒட்டிய படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். அப்பா அண்டாவை வேனிலிருந்து இறக்கிக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

அண்ணன் “சாம்பார்” என்றான். நேராக ஓடிக் கூடையில் போட்டான். அடுத்த தடவை “ரசம்” என்றான். நான் போட்டேன். உலகத்தில் எங்களை வெல்ல ஆளில்லை என்று நினைத்தேன். அந்த நினைப்பு கொஞ்ச நேரம்தான் இருந்தது.

பெண்ணின் தம்பி மத்தியானம் எங்கள் பந்தியில்தான் சாப்பிட்டான். பாயசமும் மோரும் ஆகி, மறுபடியும் சாம்பார் முடிந்து நாங்கள் பந்தோடு வந்தபோது, அண்ணன் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவன் தன் ஆட்களிடம் சொன்னான்: “அடுத்து ரசம்டா. லெப்ட்ல வருவான், போய் நில்லு.”

நான் இடது பக்கம் போனேன். அங்கே ஏற்கெனவே ஒருத்தன் நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

வரிசையாகத்தான் சொல்ல வேண்டும் என்று சித்தி எங்களுக்குச் சொல்லவே இல்லை. எதை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் சமையல்காரர் வீட்டுப் பிள்ளையின் வாயில் சாம்பாருக்கு அடுத்து மோர் எப்படி வரும்? படிக்கட்டில் இருந்தவர்களுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. “அடுத்து பாயசம் வருது, கப்பு ரெடியா வெச்சுக்கப்பா” என்று ஒரு பெரியவர் எதிர் டீமுக்கு எடுத்துக் கொடுத்தார். கோட்டுக்கு வெளியே நின்ற சித்தி, “மோர் போடு கண்ணு, மோர்” என்று தவித்தாள்.

அண்ணன் பந்தைத் தட்டிக்கொண்டே அவளைத் திரும்பிப் பார்த்து, மிகவும் நியாயமாகக் கேட்டான்: “பாயசமே வரல, இன்னா சித்தி மோர கேக்கற?”

இடைவேளை வந்தபோது நாங்கள் நன்றாகப் பின்தங்கியிருந்தோம். தண்ணீர் குடிக்கப் போனோம். “பரண்ல எடம் கீது” என்றார் அப்பா, கடலைப் பார்த்துக்கொண்டே.

சித்தி எங்களை வட்டமாக உட்கார வைத்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அண்ணனிடம் கேட்டாள்: “மத்தியானம் பந்தியில எங்க போகோணும்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. எலைய பாத்துகினே போவோம்.”

“காலி இலைக்குப் பக்கத்துல வேற ஒருத்தன் நின்னா?”

“நான் இன்னாத்துக்கு அங்க? சூடா மேல கொட்டிக்கவா? வேற எலைக்குப் போவேன்.”

“பரிமாறிட்டு அங்கயே நிப்பியா?”

“நின்னா அப்பா தொலச்சிடுவாரு.”

“அவ்வளவுதான் சாமி ஆட்டம். பேரெல்லாம் மறந்துருங்க. இனிமேட்டு யாரும் வாயே தொறக்கக் கூடாது. இலையப் பாருங்க. பந்தக் கொடுத்தா நிக்காதீங்க” என்றாள் சித்தி. அவளுடைய சார் சாக்பீஸைக் கையில் எடுத்த இடத்தில் சித்தி அதைக் கீழே போட்டாள்.

அதற்கப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வது? முதலில் சிமெண்டுத் தரையாக மட்டும் இருந்த கோர்ட், இரண்டு நிமிஷத்தில் எனக்குப் பந்தியாகிவிட்டது. எங்கே ஆள் இல்லையோ அது காலி இலை. பந்தைக் கொடுத்தவன் நிற்காமல் நகர்ந்தான். அவன் விட்ட இடத்துக்கு இன்னொருவன் வந்தான். அண்ணன் வாளியை ஏந்துகிற மாதிரி முதுகைக் காட்டி ஒருத்தனை மறைத்து நின்றால், அந்த மறைவில் அத்தை பிள்ளை நழுவிப் போனான். “போய்கினே இரு, போய்கினே இரு” என்று பூக்கடைக்காரர் மகன் ஓடிக்கொண்டே சொன்னான். பேசக் கூடாது என்பது அவனுக்கு ஞாபகம் இல்லை. யார் போட்டது என்று கேட்டால் சொல்லத் தெரியாத மாதிரி பந்து கூடைக்குள் விழுந்தது. மறுபடியும் விழுந்தது.

பெண்ணின் தம்பிக்கு வேர்த்துவிட்டது. “இப்ப என்னடா பரிமாறுறீங்க?” என்றான்.

“எங்களுக்கே தெரியாது மச்சான்” என்றான் அண்ணன்.

அது உண்மை. எங்களுக்கே தெரியாததை அவன் எப்படிக் கண்டுபிடிப்பான்?

கடைசிக்கு வரும்போது இரண்டு பக்கமும் சமமாக வந்துவிட்டது. அப்பா எப்போது எழுந்தார் என்று நான் பார்க்கவில்லை. அண்டாவின் மேலேயே ஏறி நின்றிருந்தார். அவருக்குக் கூடைப்பந்து தெரியாது. ஆனால் பந்தி தெரியும். நூறு இலைக்கு நடுவில் அப்பளம் விழாத ஓர் இலையை வாசலில் நின்றே கண்டுபிடிக்கிற கண் அவருடையது.

“டேய், மூலைல எல காலிடா” என்று அவர் போட்ட சத்தம் கடல் சத்தத்தை அமுக்கிவிட்டது.

மூலையில் நான் நின்றிருந்தேன். என்னைச் சுற்றி ஒருத்தரும் இல்லை. பந்து என்னிடம் வந்தது. எதிர் டீமில் இரண்டு பேர் என்னை நோக்கிப் பாய்ந்தார்கள். அவர்கள் என்னிடம் வந்தால் அவர்கள் விட்டுவந்த இடம் காலி, இல்லையா? அத்தையின் சின்னப் பிள்ளை, எங்களிலேயே குள்ளன், கூடைக்கடியில் தனியாகக் கையை நீட்டிக்கொண்டு நின்றான். கொடுத்தேன். போட்டான். விசில் அடித்தது.

படிக்கட்டில் இருந்தவர்கள் கல்யாண வீட்டை மறந்து கைதட்டினார்கள். பெண்ணின் தம்பி வந்து அண்ணனின் முதுகில் ஒன்று வைத்து, “ரசத்தோட நிறுத்தியிருந்தா நாங்கதான்டா ஜெயிச்சிருப்போம்” என்றான். அப்பா அண்டாவிலிருந்து இறங்கினார். சித்தியின் பக்கம் வந்து, பார்க்காத மாதிரி எங்கோ பார்த்துக்கொண்டு, “பரண்ல எலி ஜாஸ்தி கீதும்மா. பந்து அண்டாலயே இருக்கட்டும்” என்றார்.

சித்தி இன்று செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து கோச். அவள் டீம் ஆடிய மேட்சை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அவளிடம் கற்கும் பெண்கள் ஆடும்போது ஒரு பெயரும் நம்பரும் காதில் விழாது. “எல, எல” என்பது மட்டும் விழும். எதற்கு இலை என்கிறார்கள் என்று நீங்கள் கேட்டதற்காகத்தான் இவ்வளவையும் எழுதினேன். ஆனால் அன்றைக்கு நடந்தது இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

மேட்ச் முடிந்ததும் இரண்டு டீம் பையன்களும் வேனைச் சுற்றி நின்று மிச்சமிருந்த பாயசத்தைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் கோர்ட்டில் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தேன். வெயில் இறங்கியிருந்தது. சித்தி வந்தாள். கோட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றினாள். புடவையை இழுத்துச் செருகினாள். என்னிடமிருந்து பந்தை வாங்கி, உடனே எனக்கே திருப்பிப் போட்டாள். போட்டுவிட்டு நிற்கவில்லை. ஒரு பக்கம் போகிற மாதிரிக் காட்டி, சட்டென்று திரும்பி, கூடையை நோக்கி ஓடினாள். ஓடிக்கொண்டே முகத்தைத் திருப்பி இரண்டு கைகளையும் விரித்து நீட்டினாள். அவ்வளவு வேகமாகச் சித்தி ஓடி அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

நான் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு, எப்படித் திரும்புகிறாள், தோளை எப்படிச் சாய்க்கிறாள் என்று கண் கொட்டாமல் கவனித்தேன்.

“சூப்பர் சித்தி. இன்னொரு தபா காட்டு” என்றேன்.

சித்தி மூச்சு வாங்கச் சிரித்தாள். திரும்பி வந்து இன்னொரு தரம் ஓடிக் காட்டினாள். அதையும் முழுசாக, அக்கறையாகப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டேன். அதற்குள் வேனிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள்.

அன்று சாயங்காலமெல்லாம் இலையைப் பார், இலையைப் பார் என்று ஓடியவன் நான். மூலை இலை தெரிந்தது, கூடைக்கடியில் இருந்த இலை தெரிந்தது. கூடைக்குக் கீழே பந்தைக் கேட்டு என்னைப் பார்த்து நீட்டியிருந்த அந்த இரண்டு கைகளும் ஒரு காலி இலைதான் என்று மட்டும் தெரியவில்லை.