சூரியனில் ஒட்டிய சந்தனம்

காலை எட்டே காலுக்கு நீலமேகம் சைக்கிளை வாசலில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, பின்சக்கரத்துக்கு இரண்டு செங்கல் முட்டுக் கொடுக்கிறார். ஆபீசுக்குப் புறப்பட இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. சீட்டின்மேல் பழைய டியூபால் இறுக்கிக் கட்டியிருப்பது பாதி பைனாகுலர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த பெரியப்பா கொண்டுவந்தது. ஒரு குழல் என்றைக்கோ உடைந்துபோய், மிஞ்சியது இந்த ஒற்றைக் குழல்தான். அதைச் சூரியன் பக்கம் திருப்பினால், கீழே அட்டைப்பெட்டிக்குள் விரித்த தாளில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளிச்ச வட்டம் விழும். அந்த வட்டத்தில் எங்கெங்கே கரும்புள்ளி இருக்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்கிறார். காபிகூட அப்புறம்தான்.

யாராவது குழலில் கண்ணை வைக்கப் போனால் மட்டும் பதறிவிடுவார். "நேரா பாத்துடாதீங்க, கண்ணு அவிஞ்சிடும்" என்று தாளைக் காட்டுவார். "இந்தக் கடுகத்தனை புள்ளி இருக்கே, நம்ம பூமியத் தூக்கி உள்ள போட்டா காணாமப் போயிடும்."

காரைக்கால் நில அளவை ஆபீசில் வரைபடம் போடுகிறவர். வரப்பு ஒரு நூல் தப்பினாலும் பங்காளிகள் வெட்டு குத்து என்று இறங்கிவிடுவார்கள் என்பதால் கோடு பிசகாத கை. எழுபத்தெட்டிலிருந்து ஒரு நாள் விடாமல் சூரியனை வரைந்து, பதினைந்து நாளுக்கு ஒரு கட்டு, மலைமேல் இருக்கும் சூரிய ஆய்வுக்கூடத்துக்குத் தபாலில் அனுப்புகிறார். மழை நாளில் 'மேகம்' என்று எழுதுவார். சம்பளமா, சன்மானமா, ஒன்றும் கிடையாது. "ஊருல உள்ளவங்க நிலத்துக்குப் பட்டா கேக்குறாங்க, இவரு சூரியனுக்குப் பட்டா போடுறாரு" என்பாள் மனைவி வடிவாம்பாள். சொல்லிவிட்டு, வெளிச்சம் தாளில் தெளிவாக விழ வேண்டுமென்று கொடியில் கிடக்கிற புடவையை அவளே ஒதுக்கியும் விடுவாள்.

இதனால் ஊருக்கு என்ன லாபம் என்று கேட்டால் ரேடியோ ரிப்பேர் முத்து முகம்மதுவைத்தான் கைகாட்ட வேண்டும். கரும்புள்ளிகள் பெருத்தால் சூரியன் வெடித்துச் சீறும். சீறினால் பட்டப்பகலில் சிற்றலை வானொலி திடுமென்று ஊமையாகும். ஒருகாலத்தில் அப்படி ஊமையான பெட்டிகளையெல்லாம் பாய் திருப்புளி போட்டுக் கழற்றி, நல்லதையும் கெடுத்து வைத்திருந்தார். "அவுக்காதீங்க பாய். கோளாறு மேல இருக்கு. அரை மணி பொறுத்துப் பாருங்க" என்று நீலமேகம் ஒருநாள் சொன்னார். சொன்னபடியே அரை மணியில் பெட்டி பாடிற்று. அன்றிலிருந்து, இன்றைக்குச் சூரியன் எப்படி என்று கேட்காமல் பாய் கடையில் திருப்புளி எடுப்பதில்லை.

அப்பேர்ப்பட்ட மனுசனுக்கு எண்பத்தொன்றில் ஒரு சறுக்கல் வந்தது. ஆயுத பூசைக்கு முதல் நாள் பைனாகுலரைக் கழற்றித் துடைத்தார். மறுநாள் அரிவாள்மணை, ஸ்கேல், காம்பஸ் பெட்டியோடு அதையும் பாகம் பாகமாக இலையில் பரப்பி, வடிவாம்பாள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். பூசையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது. தாளில் 'பூசை' என்று மட்டும் எழுதினார். விசயதசமி காலையில் எடுத்துப் பூட்டிப் பார்த்தால், அடேயப்பா, சூரியன் நெற்றியில் பட்டாணி அளவுக்கு ஒரு கறுப்பு! இத்தனை வருடத்தில் இப்படி ஒன்றைக் கண்டதில்லை. வரைந்து, அன்றே ஆய்வுக்கூடத்துக்குத் தனிக் கடிதம் போட்டார். பாய் கடைக்கும் ஓடி, இரண்டொரு நாளில் பெரிய சீற்றம் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். பாயும் நம்பி, வந்த பெட்டியையெல்லாம் திறக்காமல் அடுக்கினார்.

மறுநாள் மேகம். அதற்கு அடுத்த நாளும் கறுப்பு அதே இடத்தில், நகராமல் இருந்தது. மற்ற புள்ளிகளெல்லாம் சூரியனோடு சுழன்று ஒரு விரற்கடை தள்ளிப் போயிருந்தன. நீலமேகம் கண் பக்கத்துக் கண்ணாடியை மெல்லத் திருகினார். சூரியன் நின்றது, கறுப்பு மட்டும் கூடவே சுற்றிற்று. கழற்றிப் பார்த்தால் உட்கண்ணாடியில் காய்ந்த சந்தனம் ஒரு பொட்டு.

பாய் கடையில் அடுக்கியிருந்த பெட்டிகள் அத்தனையும் நிஜமாகவே பழுதானவை. வாடிக்கைக்காரர்களிடம் பாய் வாங்கிக் கட்டிக்கொண்டார். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆய்வுக்கூடத்துக்குப் போட்ட கடிதம்தான் உறுத்தியது. சும்மா இருந்தால் மலைமேல் ஒருவருக்கும் தெரியாது. சொன்னால், சந்தனத்துக்கும் சூரியனுக்கும் வித்தியாசம் தெரியாதவன் வரைந்த மூன்று வருடத் தாளையும் குப்பையில் போட்டாலும் போடுவார்கள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. தன்னால் வந்த வினை என்று வடிவாம்பாள் ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். மூன்றாம் நாள், "தப்பான வரப்பு கண்ணுல பட்டப்புறம் அழிக்காம விட்டா நான் என்ன மனுசன்?" என்று சொல்லிவிட்டு, நடந்ததை ஒளிவுமறைவின்றி எழுதித் தபாலில் சேர்த்தார்.

ஒரு மாதம் பதில் இல்லை. ஆனாலும் தினமும் எட்டே காலுக்குச் சைக்கிள் வாசலில் நின்றது. அப்புறம் ஒரு கார்டு வந்தது. இரண்டே வரி. அந்தப் புள்ளியை மட்டும் நீக்கிவிட்டோம். தவறைத் தாமே கண்டுபிடித்துச் சொல்கிறவரின் தாள்கள் எங்களுக்குத் தொடர்ந்து வேண்டும். அன்றைக்கு நீலமேகம் இரண்டு தடவை சாப்பிட்டார்.

இந்த வருட ஆயுத பூசை. அரிவாள்மணைக்கும் ஸ்கேலுக்கும் சைக்கிள் மணிக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்த வடிவாம்பாள், பைனாகுலர் அருகில் வந்ததும் கையை இழுத்துக்கொண்டு தாண்டிப் போனாள். நீலமேகம் கவனித்தார். பவுடர் டப்பா மூடி ஒன்றை எடுத்துக் கண்ணாடிமேல் இறுக்கிப் பொருத்தி, குழலை அவள் முன்னால் நீட்டினார்.

"வேணாங்க" என்றாள் அவள்.

அவர் சந்தனம் தோய்ந்த அவள் விரலைப் பிடித்து, மூடியின் நட்டநடுவில் வைத்து அழுத்தினார்.