ஸ்டோர்ஸ்-2 இன்னும் உள்ளே

இது நடந்தது. சர்வர் அக்கா இன்றைக்கும் அடுத்தவர் மேஜையில் உட்காருமுன் குனிந்து விசைப்பலகையை முகர்ந்து பார்க்கிறாள். இட்டுக்கட்டிச் சொல்கிறவர்கள் அந்த அளவுக்குப் போக மாட்டார்கள்.

கம்பெனி கம்பெனியாகப் போய் சர்வர்களைச் சரிசெய்வது அவள் தொழில். அதனால் அந்தப் பெயர். “எந்த ஓட்டல்ல?” என்று கேட்டுக் கேட்டு அவள் புருஷனுக்கு இன்னும் அலுக்கவில்லை. பயந்த சுபாவம் கிடையாது. அசிங்கம்தான் ஆகாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சரக்குக் கம்பெனியில் வேலை. அங்கே இருபத்திரண்டு பேரும் ஒரே சர்வருக்குள் நுழைந்துதான் மெயில் பார்ப்பார்கள். மெயிலோடு ஒட்டிக்கொண்டு கடிதங்களைத் தானே பிரித்து அடுக்கும் ஆட்-இன் ஒன்றை அத்தனை பேருக்கும் சேர்த்துப் போட வேண்டும். போடும்போது ஒருவர்கூட உள்ளே இருக்கக் கூடாது. அதனால்தான் விடுமுறை நாள். திங்கள் காலைக்குள் முடிக்காவிட்டால் அந்த இடம் அவள் கையை விட்டுப் போய்விடும்.

காவலாளி 10.45க்குக் கதவைத் திறந்துவிட்டுக் கீழே போனார். மாடியில் அவள் மட்டும்.

11.05. வேலை பாதியில் நின்றது. ஒருவர் உள்ளே இருப்பதாகத் திரை காட்டியது. பெயர், ஸ்டோர்ஸ்-2. சரக்கறைக்காரர் ஒருவரின் கணக்கு.

மானேஜருக்குப் போன் போட்டாள். அவர் எதையோ மென்றுகொண்டிருந்தார்.

“சார், ஸ்டோர்ஸ்-2 இன்னும் உள்ள இருக்காங்க.”

மெல்லும் சத்தம் நின்றது. பிறகு மெதுவாகத் தொடர்ந்தது.

“யாராவது மறந்துட்டுப் போயிருப்பாங்க. வெளிய தூக்கி விட்டுடுங்கம்மா.”

தூக்கினாள். 11.09க்கு ஸ்டோர்ஸ்-2 மறுபடி வந்தது. மறுபடி தூக்கினாள். மறுபடி வந்தது.

அப்போதுதான் நாற்றம். முதலில் ஈரத்துணியைப் பையில் மூடி வைத்தது போல. பிறகு இனிப்பாக... தொண்டையில் ஒட்டுகிற இனிப்பு. அவள் விரல் நுனிகளில் பிசுபிசுப்பு. காகிதத்தால் துடைத்தாள். காகிதம் மஞ்சளாகியது. அதில் ஒரு நரைமுடி. அவளுக்கு நரை இல்லை.

ஸ்டோர்ஸ்-2இன் திரையைத் தன் திரையில் திறந்து பார்த்தாள்.

மெயில். பாதி எழுதிய பதில். எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன.

‘அனுப்பிவிட்டேன் சார். அடுத்தது...’

டக்.

சத்தம் திரையிலிருந்து வரவில்லை. பின்னாலிருந்து வந்தது.

டக்... டக்...

அறைக் கடைசியில் ஒரு மேஜை. புது நாற்காலி, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அதன் அடியில் தரைவிரிப்பைச் சதுரமாக வெட்டி எடுத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் வயர் சுவரில் செருகாமல் தொங்கியது.

விசைகள் இறங்கி ஏறின.

ஒவ்வொரு விசையும் எழும்போது மெல்லிய நூலாக ஏதோ இழுபட்டது...

ஈரமாக.

அவள் குப்பைக்கூடையில் வாந்தி எடுத்தாள்.

ஓடினாள்.

11.31.

மறுநாள், விட்டுவிட்டு ஓடிவந்த பையை எடுக்கப் புருஷனோடு போனாள். மானேஜர் பல்லிடுக்கில் குச்சி விட்டுக் குத்திக்கொண்டே பேசினார்.

“ஸ்டோர்ஸ்-2 பெரியவர் ஒருத்தர். போன கோடையில அந்தக் கடைசி மேஜையிலயே உட்கார்ந்தபடி போயிட்டார். மூணு நாள் லீவு. செவ்வாக்கிழமைதான் பார்த்தோம்.”

“மூணு நாளா யாருமே தேடலையா?” என்றான் புருஷன்.

“எதுக்குத் தேடணும்? வெள்ளிக்கிழமை சாயங்காலமே உயிர் போயிடுச்சுன்னு டாக்டர் சொல்றார். ஆனா நான் சனி, ஞாயிறுல நாற்பத்தோரு மெயில் அனுப்பினேன்.”

குச்சி நுனியைப் பார்த்துவிட்டுச் சட்டையில் துடைத்தார்.

“நாற்பத்தொண்ணுக்கும் பதில் வந்துச்சு. ஒரு தப்பு கிடையாது.”